டாக்டர் ஆண்டர்சனும் தப்பா வந்த பூச்சியும்

போன பொங்கல் லீவுக்கு ஆழ்வார்குறிச்சிக்குப் போயிருந்தேன். ஆச்சி வீட்டிலிருந்து சிவசைலம் போற ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தா, வேலியோரமா ஒரு பெரிய சப்பாத்திக்கள்ளிப் புதர் இருக்கும். சின்ன வயசுல அதோட பழத்தைப் பறிச்சு, தரையில் போட்டுத் தேய்ச்சு முள்ளை எடுத்து, உள்ளே இருக்கிற நட்சத்திர முள்ளையும் கவனமா எடுத்துட்டுத் தின்போம். வாயெல்லாம் ரோஸ் கலர் ஆயிடும்.

இந்த முறை பழம் இல்லை. கள்ளி மடல்களில் வெள்ளையா பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பூஞ்சணம்னு நினைச்சு சித்தி பையன் விரலால் அமுக்கினான். ரத்தம் மாதிரி சிவப்பா வந்தது. அவன் பயந்துபோய்க் கையைச் சட்டையில் துடைச்சான். வீட்டுக்கு வந்ததும் ஆச்சியிடம் திட்டு. அந்தக் கறை எத்தனை தடவை துவைச்சும் முழுசா போகல.

அந்தப் பஞ்சுக்குள்ள இருந்தது ஒரு பூச்சி. பேர் கொச்சினீல். நம்ம தோட்டத்து மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். அது ஏன் நம்ம ஊர்ல இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் 230 வருஷத்துக்கு முன்னாடி சைதாப்பேட்டையில் தோட்டம் போட்ட ஒரு ஸ்காட்லாந்து டாக்டரிடம் கொண்டுபோய் விட்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் ரோடு வழியா போயிருப்பீங்க. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

சிவப்புக்காக ஒரு போட்டி

ஜேம்ஸ் ஆண்டர்சன் 1738ல் எடின்பரோ பக்கத்தில் பிறந்தார். எடின்பரோவிலேயே மருத்துவம் படிச்சார். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்து, 1765ல் மெட்ராஸில் உதவி சர்ஜன் ஆனார். படிப்படியா உயர்ந்து 1786ல் ஃபிசிஷியன் ஜெனரல், அதாவது மெட்ராஸ் மருத்துவத் துறைக்கே தலைவர். வேலை டாக்டர் வேலைதான். ஆனா மனசு முழுக்கச் செடி, பூச்சி, விவசாயம்.

அவர் காலத்துல உலகத்திலேயே நல்ல சிவப்புச் சாயம் மெக்சிகோவிலிருந்துதான் வந்தது. அதை நோபால் கள்ளியில் வளர்த்த கொச்சினீல் பூச்சியைக் காயவைத்துச் செய்வாங்க. ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறக்குறைய 70,000 பூச்சி வேணும். மெக்சிகோ அப்போ ஸ்பெயின் கையில் இருந்தது. வெள்ளிக்கு அடுத்தபடி அங்கிருந்து போன மதிப்பான சரக்கு இதுதான். அதனால உயிருள்ள பூச்சியை வெளியே விடாமப் பூட்டி வச்சிருந்தாங்க. பிரிட்டிஷ் அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கான சாயத்தைக்கூடப் போட்டிக்காரன் ஸ்பெயினிடம்தான் வாங்கணும். 1777ல் தியரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஒவாக்கா வரைக்கும் ரகசியமாப் போய்ப் பூச்சியோடு கள்ளியைக் கடத்திட்டு வந்தார். எல்லா நாட்டுக்கும் அது மேல அவ்வளவு கண்.

1786 கடைசியில் மெட்ராஸில் ஒரு புல்லில் ஒட்டியிருந்த பூச்சி ஆண்டர்சன் கண்ணில் பட்டது. நசுக்கினா சிவப்பு. கொச்சினீல் நம்ம ஊர்லயே இருக்குன்னு நினைச்சு அவருக்கு ஒரே சந்தோஷம். உடனே லண்டனில் ராயல் சொசைட்டித் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அடுத்தடுத்து எழுதிக்கிட்டே இருந்தார். அந்தக் கடிதங்களை மெட்ராஸிலேயே அச்சடித்து மத்தவங்களுக்கும் கொடுத்தார். கண்டுபிடிச்சதை ஒளிச்சு வைக்காம உடனே எல்லாருக்கும் அனுப்புறது அவர் பழக்கம். இன்னைக்கு இருந்திருந்தா கிட்ஹப்ல போட்டிருப்பார்.

ஆனா அந்தப் புல்லுப்பூச்சி சாயத்துக்கு உதவாதுன்னு தெரிஞ்சது. சிவப்பா இருக்கிறதெல்லாம் கொச்சினீல் இல்லை.

முதல்ல வீடு, அப்புறம் விருந்தாளி

ஆண்டர்சன் விடல. பூச்சி வர்றதுக்கு முன்னாடியே அது தின்னும் செடியைத் தயார் பண்ணலாம்னு முடிவு பண்ணினார். சைதாப்பேட்டையில் கம்பெனி செலவில் ஒரு கள்ளித்தோட்டம் உருவாச்சு. நோபால் வளர்ற இடம் என்பதால் அதுக்கு நோபால்ரின்னு பேர். லண்டன் கியூ தோட்டத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் கள்ளி வகைகள் வந்தன. தோட்டத்தை நேரில் பார்த்துக்கிட்டவர் அவர் அக்கா தங்கை வழி மருமகன் முறை வர்ற ஆண்ட்ரூ பெர்ரி. மண்ணைக் கொத்தி, தண்ணி ஊத்தி, கையில் முள் குத்தி வேலை பார்த்த நம்ம ஊர் ஆட்களின் பேர் எந்தக் கடிதத்திலும் முன்னுக்கு வரல. அதையும் சொல்லியாகணும்.

வருஷங்கள் போச்சு. கள்ளி நல்லா வளர்ந்தது. பூச்சி வரல. நடுவுல ஆண்டர்சன் சும்மா இருக்கல. கப்பலில் போறவங்களுக்கு ஸ்கர்வி நோய் வராமல் இருக்க நோபால் மடலைக் காய்கறியா சாப்பிடலாம்னு சிபாரிசு பண்ணினார். வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வரவழைச்சார். முசுக்கொட்டைச் செடியை ஊர் ஊரா அனுப்பி, நட்டு வளர்க்கச் சொல்லி அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டார். அந்தப் பட்டு முயற்சியும் அவர் நினைச்ச அளவுக்குப் போகல.

கொச்சினீல் கடைசியில் 1795ல் வந்தது. கேப்டன் நீல்சன் என்பவர் வர்ற வழியில் ரியோ டி ஜெனிரோவில் இறங்கி, பூச்சி ஒட்டிய கள்ளி மடல்களைக் கப்பலில் ஏற்றினார். பல மாசப் பயணத்தில் பெரும்பாலானது செத்து, கொஞ்சம்தான் உயிரோடு கல்கத்தா வந்து சேர்ந்தது. அங்கிருந்து மெட்ராஸுக்கும் வந்தது. ஏறக்குறைய ஒன்பது வருஷக் காத்திருப்பு முடிஞ்சது.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் ஒரு சென்சார் ஆர்டர் பண்ணினோம். பார்ட் நம்பரில் கடைசி எழுத்து மட்டும் வேற. பார்க்க அச்சு அசல் அதேதான். போர்டில் மாட்டின பிறகுதான் அது வேற வோல்ட்டேஜ்னு தெரிஞ்சது. ஆண்டர்சனுக்கும் நடந்தது அதே கதை.

ரியோவிலிருந்து வந்தது மெக்சிகோவின் வளர்ப்புக் கொச்சினீல் இல்லை. காட்டுக் கொச்சினீல். ரெண்டும் ஒரே பேரினம், ஆனா வேற வேற இனம். மெக்சிகோக்காரங்க தலைமுறை தலைமுறையா வளர்த்த பூச்சி பெருசு. மேல லேசான மாவுப் பூச்சு மட்டும் இருக்கும். சாயம் அதிகம். குழந்தை மாதிரிப் பார்த்துக்கணும். காட்டு இனம் சின்னது. உடம்பு பூரா அடர்ந்த பஞ்சு மெழுகு, அதனால மழையும் வெயிலும் தாங்கும். வேகமாப் பெருகும். சாயம் மட்டும் கம்மி.

சாயம் எடுத்தாங்க, விற்றும் பார்த்தாங்க. மெக்சிகோ சரக்கோடு போட்டி போட முடியல. நல்ல இனத்தைக் கொண்டு வர்றவங்களுக்குக் கம்பெனி பெரிய பரிசு அறிவிச்சது. அந்த நல்ல இனம் ஆண்டர்சன் இருந்தவரை வந்து சேரல. 1809ல் மெட்ராஸிலேயே அவர் இறந்தார். வயசு 71. அவர் நினைவா சிற்பி சான்ட்ரி செதுக்கிய சிலை சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இருக்கு.

கணக்குப் பார்த்தா, அவர் வாழ்க்கையின் பெரிய ப்ராஜெக்ட் ஃபெயில்.

பூச்சி தன் வேலையைப் பார்த்தது

ஆனா அந்தத் தப்பான பூச்சி சாகல. சாயத்துக்கு லாயக்கில்லாத பூச்சிக்குக் கள்ளியைக் கொல்றது கைவந்த கலை.

அது எப்படின்னு பார்ப்போம். பிறந்த குஞ்சுகள் கண்ணுக்கே சரியாத் தெரியாது. உடம்பில் நீளமா மெழுகு இழை இருக்கும். அதை வச்சுக் காத்துல பறந்து அடுத்த செடிக்குப் போகும். பெண் பூச்சி ஒரு இடத்தில் ஊசி மாதிரி வாயை மடலுக்குள்ள இறக்கினா, அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா அங்கேயேதான். சாற்றை உறிஞ்சிக்கிட்டு, மேல பஞ்சைப் போர்த்திக்கிட்டு, குட்டி போட்டுக்கிட்டு இருக்கும். ஒண்ணு ரெண்டு இருந்தா கள்ளி தாங்கும். ஆயிரக்கணக்கில் ஆனா மடல் மஞ்சளாகி, வாடி, அழுகி விழும்.

சொந்த நாட்டில் இது இஷ்டத்துக்குப் பெருகுறதில்லை. பூச்சியைத் தின்னும் எதிரிகள் அதன் சொந்த ஊரில் இருக்கும். அந்தச் சிவப்பே ஒரு ஆயுதம்தான். கார்மினிக் அமிலம்னு அதுக்குப் பேர். 1980ல் தாமஸ் ஐஸ்னரும் கூட இருந்தவங்களும் சோதிச்சுப் பார்த்தாங்க. எறும்புகளுக்கு அது பிடிக்கல, ஒதுங்கிப் போச்சு. ஆனா ஒரு அந்துப்பூச்சியின் புழு மட்டும் கொச்சினீலைச் சாதாரணமாத் தின்னுது. தின்ன சிவப்பை வயித்துல வச்சிருந்து, எறும்பு வந்தா அது மேலேயே துப்பித் தன்னைக் காப்பாத்திக்குது. செடி, செடியைத் தின்னும் பூச்சி, பூச்சியின் ஆயுதத்தையே திருடுற புழு. சித்தி பையன் சட்டையில் பட்ட கறைக்குப் பின்னாடி இவ்வளவு சண்டை இருக்கு.

இப்போ கப்பலை நினைச்சுப் பாருங்க. கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியா வந்தப்போ தன் பூச்சிகளை அங்கேயே விட்டுட்டு வந்தது. அதனால இங்க வேலிக்கு நட்டது காடா மாறிச்சு. பிறகு பூச்சி வந்தப்போ, அது தன்னைத் தின்னும் எதிரிகளை விட்டுட்டு வந்தது. அதனால அதுவும் காட்டுத்தனமாப் பெருகிச்சு.

இன்னொரு விஷயமும் கூடிவந்தது. அன்னைக்கு இங்க நிறையப் பரவியிருந்த ஒரு கள்ளி ஓபன்ஷியா மொனகாந்தா. ரொம்ப நாளா இருந்ததால நாட்டுக்கள்ளின்னே நினைச்சாங்க. உண்மையில் அது பிரேசில், அர்ஜென்டினா பக்கத்துச் செடி. நீல்சனின் பூச்சியும் தென்னமெரிக்கப் பூச்சி. ஆக, அது புது நாட்டில் தன் பழைய சாப்பாட்டையே பார்த்தது. வட இந்தியாவில் அந்தக் கள்ளிக் காடுகள் காணாமல் போக ஆரம்பிச்சது. 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவிலும் அந்தப் பூச்சி பரப்பப்பட்டதாகப் பூச்சியியல் நூல்கள் குறிக்கின்றன. 1865க்குக் கொஞ்சம் முன்னாடி இங்கிருந்து இலங்கைக்குக் கொண்டுபோய்க் கள்ளி மேல விட்டாங்க. களையை ஒழிக்கன்னே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேணும்னே கொண்டுபோன முதல் சம்பவம்னு அதைத்தான் சொல்றாங்க. களைகளுக்கான உயிரியல் கட்டுப்பாடுன்னு இன்னைக்குத் தனிப் பாடமா இருக்கிற துறை இப்படித்தான் ஆரம்பிச்சது. 1913 வாக்கில் அதே பூச்சி தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய் அதே வேலையைச் செஞ்சது.

அப்போ நம்ம ஊர்க் கள்ளி?

இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பூச்சி அவ்வளவு சூரன்னா, திருநெல்வேலிப் பக்கம் சப்பாத்திக்கள்ளி எப்படித் தப்பிச்சது?

ஏன்னா நம்ம சப்பாத்திக்கள்ளி வேற இனம். ஓபன்ஷியா டிலேனி. கரீபியன், மெக்சிகோ பக்கத்துச் செடி. தென்னமெரிக்கப் பூச்சி அதைத் தொடாது. பக்கத்துலயே மொனகாந்தா செத்து விழும்போது இது ஜம்முனு நின்னது. நிலத்தைப் பிடிச்சுக்கிட்டே போனது. வெட்டினா வெட்டின துண்டெல்லாம் வேர் விட்டது.

1926ல் இலங்கை வழியா இன்னொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டு வந்தாங்க. இது வட அமெரிக்கப் பூச்சி, டிலேனியின் சொந்த ஊர்க்காரன். அஞ்சாறு வருஷத்துல சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளி அழிஞ்சதா கணக்கு சொல்றாங்க. இதைப் படிச்சுட்டு ஆச்சிக்கு போன் பண்ணிக் கேட்டேன். அவங்க அப்பா காலத்துல எங்க வயக்காட்டுக்கு மேல்பக்கம் பூராக் கள்ளியா இருந்துச்சாம். யாரும் வெட்டலையாம். வெள்ளை பிடிச்சுத் தானா அழுகிப் போச்சாம். சாமி குத்தம்னு அப்போ பேசிக்கிட்டாங்களாம்.

கள்ளி குறைஞ்சதும் பூச்சியும் குறைஞ்சது. ரெண்டும் முழுசா அழியல. எங்கேயோ ஒரு புதர், அதில் கொஞ்சம் வெள்ளை. சிவசைலம் ரோட்டில் நான் பார்த்தது அந்தச் சமநிலையின் மிச்சம்.

எல்லா ஊர்லயும் நல்லபடியா முடியல

இதை வெற்றிக்கதையா மட்டும் சொன்னா பாதி உண்மைதான். மடகாஸ்கரின் தெற்கில் ஆடுமாடு மேய்க்கிற மக்களுக்குக் கள்ளிதான் வேலி, கோடையில் மாட்டுக்குத் தீவனம், பஞ்சத்தில் அவங்களுக்கே சாப்பாடு. 1924ல் அங்க கொச்சினீல் கொண்டு வரப்பட்டது. சில வருஷத்துல கள்ளி போச்சு, மாடுகள் செத்தன, 1930 வாக்கில் பஞ்சம். இங்க களைன்னு ஒழிச்ச செடி அங்க வாழ்க்கையா இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் வேற மாதிரி. ஆரஞ்சுத் தோட்டத்து மாவுப்பூச்சியைத் தின்ன ஆஸ்திரேலியப் பொறிவண்டு ஒன்றை விட்டிருந்தாங்க. அது கள்ளிக்காட்டுக்கும் போய் கொச்சினீலைத் தின்ன ஆரம்பிச்சது. கள்ளி தப்பிச்சது. கடைசியில் பொறிவண்டைக் கொல்ல டிடிடி மருந்து அடிச்சுப் பார்த்தாங்க. களையைக் கொல்லப் பூச்சி, பூச்சியைத் தின்னும் வண்டு, வண்டைக் கொல்ல மருந்து. சர்க்யூட்டில் ஒரு ஃபீட்பேக் லூப்பை மறந்துட்டா என்ன ஆகும்னு நம்ம புரொபசர்கள் சொல்வாங்களே, அது நிலத்தில் நடந்தது.

நம்ம காலத்திலும் இது முடியல. 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மரவள்ளியோடு முசுக்கொட்டையையும் விடல. மருந்து அடிச்சும் அடங்கல. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து, சோதிச்சு, வளர்த்து, தமிழ்நாடு பூரா விட்டாங்க. பூச்சி அடங்கிச்சு. ஆண்டர்சன் ஊர் ஊரா அனுப்பிய அதே முசுக்கொட்டைச் செடியை, அவர் அறியாமல் தொடங்கி வச்ச அதே முறை காப்பாத்திச்சு. ஒரே வித்தியாசம், இந்த முறை எந்தப் பூச்சி, எதைத் தின்னும், எதைத் தின்னாதுன்னு முதலில் பார்த்துட்டு விட்டாங்க.

ஆண்டர்சன் தேடினது ஒரு சரக்கு. பூச்சியை ஒரு பொருளா பார்த்தார். அது எந்தச் செடியோடு பிறந்தது, அதைத் தின்கிறது யாரு என்ற கேள்வி அவர் காலத்தில் யாரும் சரியாக் கேட்காத கேள்வி. அந்தப் பதில் தெரியாததால அவர் தோத்தார். அவர் தோட்டத்துக்காகத் தேடின பூச்சிதான் பிறகு வந்தவங்களுக்கு அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தது. தாமிரபரணியில் ஆகாயத்தாமரையையும், ஓரத்துச் சீமைக்கருவேலத்தையும் பார்த்துட்டு, இதுக்கும் ஒரு பூச்சி கொண்டாந்து விட்டா என்னன்னு நாம ஈஸியாச் சொல்றோம். விடலாம். ஆனா பார்ட் நம்பரைக் கடைசி எழுத்து வரைக்கும் படிச்சுட்டு விடணும். பூச்சியை ரிட்டர்ன் அனுப்ப முடியாது.

சித்தி பையன் அந்தச் சட்டையை இப்பவும் போடுறான். மார்புப் பக்கம் லேசா ரோஸ் கறை இருக்கு. என்ன கறைன்னு யாராவது கேட்டா டாக்டர் ஆண்டர்சன்னு சொல்றான்.